பாதியில் இறங்கிய அத்தானுக்கு

அன்புள்ள அத்தான்,

போன ஞாயிறு போனில் எங்கள் பெரு நாட்டுப் பயணத்தைப் பற்றிக் கதைக்கும்போதும் அதையேதான் சொன்னீர்கள்: "எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய் நான்தான் குழப்பிப்போட்டன்." பக்கத்தில் அக்கா சிரித்தது கேட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. போனில் எனக்குச் சொல்ல வராது. கல்லடியில் கரண்ட் போன இந்தப் பின்னேரம் எழுதுகிறேன்.

நீங்கள் ரொறன்ரோவில் விடிய எழும்பி 10 கிலோமீற்றர் ஓடுகிறவர். நான் கல்லடிப் பாலத்தில் சைக்கிள் மிதித்தாலே மூச்சு வாங்குகிறவன். இன்காக்களின் பழைய மலைநகரம் மச்சு பிச்சுவுக்கு நடந்து போகிற இன்காப் பாதையில் யாராவது விழுந்தால் அது நான்தான் என்று பிள்ளைகள் பந்தயமே கட்டியிருந்தார்கள். ஆனால் உயரத்தில் காற்றுக் குறைவதால் வருகிற மலைநோய் ஆளின் கட்டுமஸ்தைப் பார்த்து வருவதில்லை. எங்கள் இலங்கையின் ஆக உயர்ந்த மலை பீதுருதாலகாலை, 2,524 மீற்றர். நடைக்கு முன் நாங்கள் தங்கிய குஸ்கோ நகரமே ஏறக்குறைய 3,400 மீற்றரில் இருக்கிறது. மலிவு டிக்கட் கிடைத்ததால் நான் மூன்று நாள் முந்திப் போய், கோகா இலைத் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு அங்கே சும்மா படுத்துக் கிடந்தேன். அக்காவும் பிள்ளைகளும் அப்படித்தான். உங்களுக்கு லீவு இல்லை, ஒரேயொரு இரவு. உடம்பு பழக இரண்டு நாளாவது வேண்டும் என்று எல்லாரும்தான் சொன்னார்கள். சரி, விடுங்கள்.

இரண்டாம் நாள் காலை வய்யபம்பா முகாமிலிருந்து ஏறத் தொடங்கினோமே, அது நெஞ்சை அடைக்கிற ஏற்றம். 3,000 மீற்றரிலிருந்து 4,215 மீற்றர்க் கணவாய் வரை ஒரே மூச்சில். தலையிடி என்று நீங்கள் ஒருவரிடமும் சொல்லவில்லை. சத்தி எடுத்ததைக்கூட மறைத்தீர்கள். சின்னவன்தான் என்னிடம் வந்து, "மாமா, அப்பா நேரா நடக்கேல்ல" என்றான். வழிகாட்டி உங்களை ஒரு கோட்டில் நடக்கச் சொல்லிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் பேச்சே மாறிவிட்டது. இதற்கு மருந்து இறங்குவது ஒன்றுதான் என்றார். நீங்கள் மலைநோய்க்குப் போடுகிற டயமொக்ஸ் குளிசையைக் காட்டி வாதாடினீர்கள். அனுமதிச் சீட்டை வேறொருவர் பெயருக்கு மாற்ற முடியாது, மாதக்கணக்கில் முந்தியே எடுத்தது, காசு போய்விடும் என்றெல்லாம் சொன்னீர்கள். மூத்தவள் அழத் தொடங்கியதும்தான் பையைக் கழற்றினீர்கள்.

அப்புறம் நடந்ததை உங்களுக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை.

அந்தக் கணவாய்க்குச் 'செத்த பெண்' என்று பெயர். காற்று கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய 60 வீதம்தான். இருபது அடி வைப்பது, நிற்பது, பிறகு இருபது அடி. எங்கள் கூடாரங்களையும் அடுப்பையும் சுமந்தவர்கள் அதற்குள் எங்களைக் கடந்து எங்கேயோ போய்விட்டார்கள். ஆளுக்கு 20 கிலோவுக்கு மேல் கூடாது என்பது சட்டம், சோதனைச் சாவடியில் நிறுத்துப் பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவர் ரயர் செருப்போடு போனார். கன்னத்தில் கோகா இலையை ஒதுக்கிக்கொண்டு, அசல் எங்கள் ஊர்க் கிழவர் வெற்றிலை ஒதுக்குவதுபோல. அவரைப் பார்த்து என் வாயில் தானாக வந்த சொல் "சாமி". உகந்தையிலிருந்து குமண, யால காட்டுக்குள்ளால் கதிர்காமத்து முருகனிடம் நடக்கும்போது ஆளையாள் அப்படித்தானே கூப்பிடுவோம். இந்த ஆடியில் அந்த நடையை விட்டுவிட்டு இங்கே வந்தேனே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு குறை இருந்தது. உச்சியில் அக்கா குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டே "அரோகரா" என்றா. பின்னால் வந்த வெள்ளைக்காரர்களும் என்னவென்று தெரியாமலே அதைச் சொன்னார்கள்.

இறங்குவதுதான் முழங்காலை முறித்தது. ஆயிரக்கணக்கான கல்படிகள், ஒன்று போல் இன்னொன்று இல்லை. வழியில் ருங்குரக்காய், சயக்மார்க்கா என்று இன்கா இடிபாடுகள். மச்சு பிச்சுவைவிட எனக்குப் பிடித்தது மூன்றாம் நாள் பின்னேரம் பார்த்த விஞாய் வய்னா. 'என்றும் இளமை' என்று பொருளாம். மலைச்சரிவை அப்படியே படிப்படியாக வெட்டி வயலாக்கியிருக்கிறார்கள். படுவான்கரை வயலில் வரம்பு கட்டி வளர்ந்த ஆள் நான், சும்மா போக முடியவில்லை, குந்தியிருந்து பார்த்தேன். மேலே மண், அதற்குக் கீழே மணல், சரளை, பெரிய கல் என்று அடுக்கி, மழைத்தண்ணி தேங்காமல் வடிகிற மாதிரிச் செய்த படிகள். இன்காக்கள் மச்சு பிச்சுவைக் கட்டியது 15ஆம் நூற்றாண்டில். இன்றைக்கும் அது சரியவில்லை. எங்களுக்கு மாரி மழை இரண்டு நாள் பெய்தால் றோட்டில் தோணி விடலாம். இதை அங்கே சொன்னேன், சின்னவன் மட்டும் சிரித்தான்.

நாலாம் நாள் இருட்டோடு எழும்பி இந்திபுங்கு என்கிற சூரிய வாசலுக்குப் போனோம். பார்த்தால் முழுக்கப் பனிமூட்டம். அரை மணித்தியாலம் நின்றும் ஒன்றும் தெரியவில்லை. போட்டோவில் இருக்கிற அந்த மச்சு பிச்சுக் காட்சியை நாங்களும் காணவில்லை, அத்தான். நீங்கள் இழந்ததாக நினைக்கிற இடம் அதுதான் என்பதால் சொல்கிறேன்.

கீழே வந்தபோது ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து சேர்ந்து, தோய்த்த சேட்டோடு மச்சு பிச்சு வாசலில் நின்றீர்கள். நாலு நாள் குளிக்காத எங்களை மூக்கைப் பொத்திக்கொண்டு கட்டிப்பிடித்தீர்கள். மூத்தவள் உங்கள் கையை அதற்குப் பிறகு விடவேயில்லை. அன்றைக்கு முழுக்க அவள் இடிபாடுகளைப் பார்த்த மாதிரித் தெரியவில்லை.

வருகிற வருஷம் யால காட்டுப்பாதை திறக்கிற திகதி தெரிந்தவுடன் அறிவிக்கிறேன். உகந்தையில் மலை என்று சொல்ல ஒரு கற்குன்றுதான், மிச்சமெல்லாம் மணலும் வெயிலும். இந்தமுறை லீவை முந்தியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். குமுக்கன் ஆற்றடியில் என் முழங்கால் மறுத்தால், நீங்கள் பிள்ளைகளோடு போங்கள். நான் பஸ்ஸில் வந்து கதிர்காமத்தில் தோய்த்த சேட்டோடு நிற்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்