பதினாறாம் நாளுக்குப் பிறகு பள்ளிக்கு வரும் தங்கைக்காக ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறை அலுவலர்களுக்கும், மேல்நிலைப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை சொல்கிறது. அந்த எண்ணிக்கையில் ஒருவன் என் அக்காள் மகன். பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தவன், அவ்வாண்டு நவம்பரில் எங்களை விட்டுப் போனான். ஏன் போனான் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. எங்களுக்கே அது முழுதாகத் தெரியாது என்பது ஒரு காரணம். தெரிந்தவர்களைப் போல ஊரார் சொன்ன ஒவ்வொரு காரணமும் வீட்டில் மிஞ்சியிருந்த ஒருத்தியின் தலையில் போய் விடிந்தது என்பது மற்றொரு காரணம். அவள் அவனுடைய தங்கை. அப்போது அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. இம்மடல் அவளைப் பற்றியது.

துட்டி கேட்க வந்தவர்கள் என் அக்காளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அத்தானின் கையைப் பிடித்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவளிடம் மட்டும், “அம்மாவைப் பாத்துக்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கடையிலிருந்து வாங்கி வந்த காப்பியை டம்ளர்களில் ஊற்றிக் கொடுத்ததும் பிறகு அவற்றைக் கழுவிக் கவிழ்த்ததும் அவள்தான். அண்ணனைப் பறிகொடுத்தவள் அங்கே டம்ளர் கழுவிக்கொண்டிருக்கிறாள் என்பது வந்தவர்களில் எவருக்கும் உறைக்கவில்லை, தாய்மாமனாகிய எனக்கும்தான். அகால மரணத்துக்குச் சடங்குகளை முழுமையாகச் செய்யலாமா கூடாதா என்று பங்காளிகளோடு வாதாடிக்கொண்டிருந்ததில் என் நாட்கள் கழிந்தன.

அந்த நாட்களில் அவள் செய்த இன்னொரு வேலை எங்களுக்குப் பல மாதங்கள் கழித்துத்தான் தெரிய வந்தது. வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் நீக்கப்படாமல் இருந்ததால், பள்ளி நடந்த நாட்களிலெல்லாம் காலை ஒன்பதே முக்கால் மணி அளவில், தங்கள் மகன் இன்று பள்ளிக்கு வரவில்லை என்ற குறுஞ்செய்தி என் அக்காளின் கைபேசிக்கு வந்துகொண்டே இருந்திருக்கிறது. அவள் ஒன்பதரை மணிக்கே ஏதாவது சாக்குச் சொல்லி அந்தக் கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டு, செய்தி வந்ததும் அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். பள்ளி அலுவலகத்தில் ஒருவர் ஒரு பெயரை நீக்கியிருந்தால் முடிந்திருக்கக்கூடிய வேலை அது. அதைப் பதினான்கு வயதுப் பெண் பன்னிரண்டு நாள் காவலிருந்து செய்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்து அவளைப் பள்ளிக்கு அழைத்துப் போனவன் நான். தலைமையாசிரியர் நல்ல மனிதர். என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். ஆனால், வகுப்பில் பிள்ளைகளிடம் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று நான் கேட்டபோது, “இதுக்கெல்லாம் சுற்றறிக்கை எதுவும் இல்லையே சார்” என்று உண்மையான குழப்பத்தோடு சொன்னார். காலாண்டு விடுமுறைக்கும் விலையில்லா மிதிவண்டிக்கும் சுற்றறிக்கை வைத்திருக்கிற அலுவலகத்தில், அண்ணனை இழந்துவிட்டு அவன் படித்த அதே கட்டடத்துக்குள் மறுபடி நுழைகிற பிள்ளையை எப்படி வரவேற்பது என்பதற்கு ஒரு தாள் இல்லை.

தாள் இல்லாத இடத்தில் ஆளாளுக்குத் தோன்றியதைச் செய்தார்கள். இனிமேல் நீதான் ஆண்பிள்ளை மாதிரி இருந்து வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் ஓர் ஆசிரியர். தோழிகள் இருவரை அவர்களுடைய அம்மாக்கள் இடம் மாறி உட்காரச் சொல்லியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசிரியர் அறைக்கு அவளைத் தனித்தனியே கூப்பிட்டு, “உங்கிட்ட ஏதாச்சும் சொன்னானாம்மா?” என்று வெவ்வேறு பேர் ஏழு முறை கேட்டிருக்கிறார்கள். இதே கேள்வியை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு காவலரும் கேட்டார். அது அவருடைய கடமை. அப்போது நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவின்படி இத்தகைய மரணத்தை விசாரிக்காமல் விட முடியாது. ஆசிரியர்களுக்கு அப்படிப்பட்ட கடமை எதுவும் இல்லை. அக்கறையோடுதான் கேட்டார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள், உனக்குத் தெரிந்திருக்க வேண்டுமே, தெரிந்திருந்தால் தடுத்திருக்கலாமே என்ற இன்னொரு கேள்வி இருக்கிறது. அதைத்தான் அவள் இரவுகளில் தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு சங்கதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாளிதழ் ஒன்றில் வெளியான அவனுடைய படம், பள்ளி விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த படம். தற்கொலைச் செய்திகளில் படத்தைத் தவிர்க்கச் சொல்லும் நெறிமுறைகளை இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2019லேயே ஏற்றுக்கொண்டிருந்த போதும், கேட்டவரிடம் பள்ளியிலிருந்து யாரோ அதைக் கொடுத்திருக்கிறார்கள். அவனுடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைப் பெற்றோரை அழைத்துக் கொடுக்காமல் தங்கையின் கையிலேயே கொடுத்தனுப்பினார்கள். அவள் அதைச் சமூக அறிவியல் புத்தகத்துக்குள் மடங்காமல் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தாள்.

பள்ளியை மட்டும் குறை சொல்லி வீட்டை விட்டுவிட்டால் நியாயமாகாது. அத்தான் அவளுடைய அறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். “என்னை நம்பலையாப்பா?” என்று அவள் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. அக்காள் ஓராண்டுக்கு மேல் மகன் பெயரையே உச்சரிக்கவில்லை. தாய்க்கு வலிக்கும் என்று மகளும் உச்சரிக்கவில்லை. மகள் மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று தாய் நினைத்துக்கொண்டாள். தேசியத் தொலைபேசி மனநலச் சேவையான டெலி மானஸ், அவன் போவதற்கு ஒரு மாதம் முன்பு, 2022 அக்டோபர் 10 அன்றுதான் தொடங்கப்பட்டது. 14416 என்ற அந்த எண்ணைக் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம் என்பது எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது. தெரிந்தபோது முதலில் அழைத்தவர் அத்தான். தோட்டத்துக் கிணற்றடியில் நின்றுகொண்டு நெடுநேரம் பேசினார். மறுவாரம் தாழ்ப்பாளை அவரே மாட்டினார்.

பள்ளியிலும் ஒருவர் இருந்தார். அவளுடைய கணக்கு ஆசிரியை. அவளை அறைக்குக் கூப்பிட்டு எதையும் கேட்கவில்லை. முதல் வாரத்திலேயே, வகுப்பில் உட்கார முடியாவிட்டால் கை தூக்க வேண்டாம், பேனாவை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்து நூலகத்துக்குப் போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னார். அண்ணனுக்கும் பாடம் எடுத்தவர் என்பதால், ஒருநாள் கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டுவிட்டு, இதை உன் அண்ணன் இரண்டு வரி குறைவாகப் போடுவான் என்று, அவன் பெயரைச் சொல்லியே சொன்னார். வகுப்பு உறைந்துபோனதாம். அவள் அன்று வீட்டுக்கு வந்து, முதன்முறையாக, சத்தம் போட்டு அழுதாள். அடுத்த ஆண்டு நவம்பரில் அந்தத் தேதி நெருங்கியபோது, பொதுத்தேர்வு வகுப்பாக இருந்தும், அந்த வாரத் தேர்வை அவளுக்கு மட்டும் தள்ளி வைத்தார்.

நான் உங்களிடம் கேட்பது இவ்வளவுதான்: அந்த ஆசிரியை தம் இயல்பால் செய்ததைத் துறையின் நடைமுறையாக ஆக்குங்கள். ஒரு மாணவர் இப்படி இறந்த நாளிலேயே, அந்தக் குடும்பத்தோடு பேசுவதற்கென்று பள்ளியில் ஒரே ஓர் ஆசிரியர் நியமிக்கப்படட்டும். வேறு எவரும் அந்தப் பிள்ளையிடம் எதையும் விசாரிக்க வேண்டாம். பதிவேட்டிலும் குறுஞ்செய்திப் பட்டியலிலும் பெயர் நீக்கும் வேலையை அவரே முடிக்கட்டும். உடன்பிறந்த பிள்ளை திரும்பி வருவதற்கு முன்பு அவர் வீட்டுக்குப் போய், வகுப்பில் என்ன சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது, எங்கே உட்கார விருப்பம் என்று அந்தப் பிள்ளையையே கேட்கட்டும். அந்தக் கவனிப்பு பதினாறு நாளோடு முடியாமல், அந்தப் பிள்ளை பள்ளியை விட்டுப் போகும் வரை தொடரட்டும்.

இது உங்களால் ஆகாத காரியம் அல்ல. மாநில அளவில் முதலிடம் பெற்றவர்களின் பட்டியலை வெளியிடும் பழக்கத்தை 2017இல் இதே துறைதான் நிறுத்தியது. அதுவரை அது மாற்றவே முடியாத வழக்கமாகத் தோன்றியது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரேனும் இருக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2025 ஜூலையில் அறிவுறுத்தியிருக்கிறது. அந்த ஆலோசகர் வரும்போது, அவருடைய பணிகளுள் இதையும் ஒன்றாக எழுதிக் கொடுங்கள் என்கிறேன்.

தடுப்பு என்ற சொல் எங்கள் வீட்டுக்குக் காலங்கடந்து வந்த சொல் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். அமெரிக்க உளவியலாளர் எட்வின் ஷ்னைட்மன், தற்கொலைக்குப் பின் எஞ்சியிருப்போருக்குச் செய்யும் உதவிக்குத் தனிப்பெயர் ஒன்றை உருவாக்கி, அதுவே அடுத்த தலைமுறைக்கான தடுப்பு என்று வாதிட்டதைச் சென்ற ஆண்டு படித்தேன். தற்கொலையில் உடன்பிறந்தவரை இழந்தவர்களுக்கும் அந்த ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல் என்று மருத்துவம் சொல்கிறது. அப்படியானால் அத்தான் தாழ்ப்பாளைக் கழற்றியது முழு மடமை அல்ல. ஆனால் அந்தக் காவலை ஒரு தகப்பன் தனியாளாக, திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு செய்ய நேர்ந்ததுதான் கொடுமை. இம்மடலைப் படிக்கும் எவரேனும் அந்த நிலையில் இருந்தால், 14416 போல, சென்னையில் 1986 முதல் இயங்கிவரும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தையும் 044-24640050 என்ற எண்ணில் அழைக்கலாம்.

அவள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. சென்ற ஐப்பசியில் ஒருநாள், “இன்னியிலேர்ந்து நான் அண்ணனை விட மூத்தவ மாமா” என்றாள். நாட்களைக் கணக்கிட்டு வைத்திருந்திருக்கிறாள். அவளுடைய சம்மதம் இல்லாமல் இதை அனுப்பக் கூடாது என்பதால் நேற்றிரவு அவளிடம் படிக்கக் கொடுத்தேன். கடைசி வரை நிதானமாகப் படித்தாள். எதையும் நீக்கச் சொல்லவில்லை. ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். ஆசிரியர் அறையில் கேட்டது ஏழு முறை அல்லவாம், ஒன்பது முறையாம். இரண்டு முறையை அன்று என்னிடம் சொல்லாமல் விட்டுவிட்டாளாம்.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்,
தூத்துக்குடி மாவட்டம்