கைக்குழந்தையின் இருமலுக்கு மருந்து சொல்வோர் மாதக் கணக்கையும் சொல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் சென்ற வாரம் குழந்தைகளின் விடாத இருமலுக்கான கைவைத்தியக் குறிப்பு ஒன்று வெளியாகியிருந்தது. துளசிச் சாற்றில் தேன் குழைத்து நாக்கில் தடவலாம், கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயை நெஞ்சில் தேய்க்கலாம் என்று அதில் எழுதியிருந்தார்கள். எத்தனை மாதக் குழந்தைக்கு என்பதை மட்டும் எழுதவில்லை. நாற்பது நாள் பிள்ளையையும் நாலு வயதுப் பிள்ளையையும் குழந்தை என்ற ஒரே சொல்லால் குறிப்பது நம் வழக்கம். பேச்சில் அதனால் கெடுதி இல்லை, மருந்தில் உண்டு.

எங்கள் செங்கோட்டையில் ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் காற்று வரத் தொடங்கினால் இருமல் கேட்காத வீடு குறைவு. கடந்த ஆடியில், அப்போது ஏழு மாதம் நிறைந்திருந்த என் பேரனுக்குச் சளி பிடித்தது. காய்ச்சல் இரண்டே நாளில் விட்டது. இருமல் எட்டு நாளாகியும் நிற்கவில்லை. பகலெல்லாம் சிரித்து விளையாடுபவன், இரவில் படுக்கப் போட்டதும் இருமி இருமிக் குடித்த பாலைக் கக்கிவிடுவான். செய்தி கேட்டதும் கேரளத்து ஆரியங்காவிலிருக்கும் சம்பந்தி அம்மாள் ஒரு குப்பி மலைத்தேனும், ஒரு கட்டுப் பனிக்கூர்க்கை இலையும், குளிப்பாட்டியபின் உச்சியில் தேய்க்க ராஸ்நாதிப் பொடியும் கொடுத்தனுப்பினார். அவர்கள் பனிக்கூர்க்கை என்பது நம் கற்பூரவல்லிதான். செங்கோட்டையும் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர் என்பதாலோ என்னவோ, அவர்கள் வீட்டு உரைமருந்துப் பெட்டியும் எங்கள் வீட்டுப் பெட்டியும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். என் பங்குக்கு நான் சாம்பிராணி போட்டுப் புகை காட்டினேன். என் மகன் மருந்துக் கடைக்குப் போய்ப் பிள்ளைக்கு இருமல் என்று சொன்னதற்கு, சீட்டும் கேட்காமல் வயதும் கேட்காமல் ஒரு சிரப்பை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

வயதை முதலில் கேட்டவர், ஒன்பதாம் நாள் நாங்கள் போய்ப் பார்த்த குழந்தை மருத்துவர்தான். "எத்தனை மாதம்?" என்று கேட்டுக்கொண்டே, மருமகளின் மடியில் பிள்ளை அமைதியாகும் வரை காத்திருந்தார். பிறகு சட்டையை நெஞ்சுக்கு மேல் சுருட்டிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் முழுவதும் வயிறு ஏறி இறங்குவதை எண்ணினார். என்னையும் எண்ணச் சொன்னார். எனக்கு 42 வந்தது. இரண்டு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு நிமிடத்துக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, அதன்பின் ஐந்து வயது வரை 40 என்ற எண்ணிக்கையை மூச்சு எட்டிவிட்டாலே அது நிமோனியாவாக இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்றார். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ, உதடு நீலம் பூத்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பியும் விழிக்காமல் துவண்டு கிடந்தாலோ எண்ணிக்கொண்டிராமல் 108-ஐ அழைக்க வேண்டுமாம். இருமல் பதினான்கு நாளைத் தாண்டினால், ஆஸ்துமா, காசநோய், கக்குவான் போன்றவை இல்லையென்று பார்த்துவிட வேண்டும் என்பதையும் சொன்னார். பல்லாண்டுகள் பள்ளியில் தினமும் வருகைப்பதிவு எடுத்த எனக்கு, மடியிலிருக்கும் பிள்ளையின் மூச்சை எண்ண வேண்டும் என்று அதுவரை தோன்றவில்லை.

தேனைப் பற்றி நான்தான் கேட்டேன். ஓராண்டு நிறையும் வரை ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்று அவர் சொன்னபோது, பிறந்த பிள்ளைக்குத் தேனால் சேனை தொட்டு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவள் என்பதால் முதலில் எனக்குக் கோபமே வந்தது. தேனில் பொட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடல் அவற்றை முளைக்க விடாது, பச்சைப் பிள்ளையின் குடலுக்கு அந்த வலிமை வந்திருக்காது. வித்து முளைத்து நஞ்சு சுரந்தால் முதலில் மலச்சிக்கல், பிறகு பால் இழுத்துக் குடிக்க இயலாமை, ஈனக் குரலில் அழுகை, கடைசியில் மூச்சுத் தசைகளே தளர்ந்துபோகும் நிலை. எல்லாத் தேனிலும் அது இருக்காது, வருவதும் அரிது. ஆனால் எந்தக் குப்பியில் இருக்கிறதென்று பார்த்துச் சொல்ல முடியாது, வீட்டு அடுப்பில் காய்ச்சினாலும் சாகாது. ஓராண்டு கடந்த பிள்ளைக்கு அதே தேனை இரவில் அரைத் தேக்கரண்டி கொடுத்தால் இருமல் தணியும் என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். ஆகவே தங்கள் குறிப்பு முழுவதும் பிழையன்று. ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது.

கற்பூரமும் அப்படியே. அது தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். சிறிதளவு வாய்க்குள் போனாலும் குழந்தைக்கு வலிப்பை உண்டாக்கும். தேய்த்த நெஞ்சில் கையை வைத்து, அந்தக் கையை வாயில் வைப்பதுதானே ஏழு மாதப் பிள்ளையின் முழுநேர வேலை! சாம்பிராணிப் புகை, கொசுவர்த்திப் புகை, விறகடுப்புப் புகை எல்லாமே இருமலைக் கூட்டும் என்று அவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. மூக்கில் எண்ணெய் விடுவது, வாயால் ஊதுவது, பாலாடையில் சாறு எடுத்து அழ அழப் புகட்டுவது ஆகியவற்றையும் விலக்கச் சொன்னார். எண்ணெயும் சாறும் புரையேறி நுரையீரலுக்குள் இறங்கும். கற்பூரவல்லி இலை அன்று மாலை பெரியவர்களுக்குப் பஜ்ஜியாயிற்று.

கடைச் சிரப்பைக் குப்பையில் போடச் சொன்னார். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் இருபதுக்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் பழுதாகி இறந்ததையும், நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்த மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு 48.6 விழுக்காடு இருந்ததாகத் தமிழ்நாட்டு ஆய்வில் தெரியவந்ததையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவோ வழங்கவோ கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை அந்த அக்டோபரில் அறிவுறுத்தியது. நஞ்சு கலக்காத நல்ல சிரப்பாகவே இருந்தாலும் இந்த வயதில் அதனால் பயன் இல்லை, மயக்கமும் மூச்சுத் தளர்ச்சியும் நேரலாம் என்பதே காரணம்.

பிறகு என்னதான் செய்தீர்கள் என்று கேட்பார்கள். பால் கொடுப்பதற்குச் சற்று முன் மூக்கின் இரு துளைகளிலும் உப்புநீர்ச் சொட்டு விட்டோம். ஒரே மூச்சில் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை தாய்ப்பால் கொடுத்தாள் மருமகள். ஆறு மாதம் கடந்த பிள்ளை என்பதால், காய்ச்சி ஆறிய வெந்நீரும் நீர்த்த கஞ்சியும் இடையிடையே கொடுத்தோம். தூங்கும் வரை தோளில் சாய்த்து நிமிர்த்தி வைத்திருந்தோம். அந்த வேலை என் மகனுக்கு. பதினோராம் நாள் இரவு கக்காமல் தூங்கினான். பதிமூன்றாம் நாள் இருமல் நின்றது.

இனி இத்தகைய குறிப்புகளை வெளியிடும்போது ஒவ்வொரு மருந்துக்கும் அருகில் எத்தனை மாதத்துக்கு மேல் என்பதைத் தடித்த எழுத்தில் அச்சிடவும், சென்ற வாரக் குறிப்புக்கு ஒரு திருத்தம் வெளியிடவும் வேண்டுகிறேன். சம்பந்தி அம்மாளின் தேன் வீணாகவில்லை. பேரனுக்கு மார்கழியில் ஆண்டு நிறைகிறது. அந்தத் தேதியை எழுதிக் குப்பியின் மூடியில் ஒட்டி, மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை,
செங்கோட்டை, தென்காசி மாவட்டம்