பின்னேரம் மூன்று மணிக்கு வந்து நின்றவர்களுக்கு நன்றி

அன்பான ஊரவர்களுக்கும் அயலூர் உறவுகளுக்கும் வணக்கம்.

மூதூர் கிழக்கில் நாம் நடத்தும் மாலைநேரச் சிறுவர் கூடம் இன்னொரு தவணையை நல்லபடியாக முடித்திருக்கிறது. மேடை போட்டுப் பொன்னாடை போர்த்த நீங்கள் ஒருவரும் சம்மதிக்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

சம்பூர்ப் பக்கத்து மக்களுக்கு 2006ஐப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த ஆண்டு போரால் இடம்பெயர்ந்து, முகாம்களில் வளர்ந்து, 2015க்குப் பிறகு சொந்தக் காணிக்குத் திரும்பிய பிள்ளைகள் இன்று தாய் தகப்பன் ஆகிவிட்டார்கள். அந்த வயதில் அவர்களைப் பக்கத்தில் இருத்தி, பயமாக இருக்கிறதா என்று கேட்க ஆள் இருக்கவில்லை. இப்போது அவர்களில் சிலர் குவைத்திலும் கட்டாரிலும் வேலை செய்கிறார்கள், பிள்ளைகள் அம்மம்மாவோடு. பாடசாலை ஒன்றரைக்கு விட்ட பிறகு இருட்டும்வரை உள்ள பொழுது அந்தப் பிள்ளைகளுக்கு மிக நீளமானது. அந்தப் பொழுதில் பிள்ளைகளோடு இருந்தவர்கள் நீங்கள்.

பொதுநோக்கு மண்டபத்தின் திறப்பை எங்கள் கையில் தந்த கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு முதல் நன்றி. மாரியில் கூரை ஒழுகியபோது சொல்லாமலே தறப்பாளோடு வந்து கட்டிய கடற்றொழிலாளர்களுக்கும், கொப்பியும் கலர்ப்பெட்டியும் அனுப்பிவிட்டுக் காசு வாங்க மறுத்த தோப்பூர்க் கடைக்கார நானாவுக்கும் நன்றி. கௌபியும் கடலையும் அவித்துத் தந்த அம்மம்மாமாருக்கு என்ன சொல்லுவேன்! பசியோடு இருக்கும் பிள்ளை எதையும் மனம் விட்டுச் சொல்லாது என்பதை எங்களுக்கு முன்பே அறிந்து வைத்திருந்தவர்கள் அவர்கள்.

ஓய்வுபெற்ற எங்கள் கணித ஆசிரியரைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கூடத்துக்கு வரும் ஒரு பையன் வாசற்படியோடு இருந்துவிடுவான். கேட்டதற்குத் தலையாட்டுவதோடு சரி. சேர் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கிளித்தட்டுக்குக் கோடு கீறும் வேலையை அவனிடம் கொடுத்தார். மற்றப் பிள்ளைகள் வருமுன்பே வந்து, தடியால் மணலில் நேராகக் கீறி, கால் பட்டு அழிந்த இடங்களைத் திரும்பத் திரும்பத் திருத்துவான். ஒருநாள் விளையாட்டு மும்முரத்தில், "கோட்டை மிதித்துவிட்டாய், வெளியே போ!" என்று அவன் போட்ட சத்தம் வீதிவரை கேட்டது. சேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான். இப்போது அவனை அமைதியாக இருக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது!

வைத்தியசாலையின் உளநலப் பிரிவிலிருந்து பஸ்ஸேறி வந்த உத்தியோகத்தருக்கு நாங்கள் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம். பிள்ளை அழுதால் புத்தி சொல்ல அவசரப்படாமல் கூட இருக்கவும், எங்களால் தாங்க முடியாததை மறைக்காமல் வைத்தியரிடம் கொண்டுபோகவும் பழக்கியவர் அவர். உலகில் 10 முதல் 19 வயது வரையானவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு உளநலப் பாதிப்பு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது என்று பெற்றோர் கூட்டத்தில் அவர் சொன்னபோது, பின்வரிசையில் இருந்த ஒரு தாய் எழுந்து, மகளுக்கு இரவில் நித்திரை இல்லை என்றார். அதுவரை பார்வை பார்த்து நூல் கட்டியதோடு அந்தக் கதையை வீட்டுக்குள் மூடி வைத்திருந்தார்கள். மகள் இன்று ஒழுங்காகச் சிகிச்சைக்குப் போகிறாள். அவளையும் தாயையும் வைத்தியசாலைக்கு ஏற்றிப்போகும் ஓட்டோத் தம்பி எரிபொருள் காசுகூட வாங்குவதில்லை. ஊர்ச் சபையில் எழுந்து பேசிய அந்தத் தாய்க்கும் என் வணக்கம். அவருக்குப் பிறகுதான் மற்றவர்களும் பேசத் தொடங்கினார்கள்.

வெளிநாட்டில் வீட்டுவேலை செய்து உழைத்த காசில் கரம் பலகை வாங்கித் தந்த தாய்மாரே, உங்கள் பிள்ளைகள் அதில் விளையாடும் படங்களை அனுப்பிக்கொண்டே இருப்போம்.

அடுத்த தவணையும் அதே மூன்று மணிதான். மண்டபச் சுவரில் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தையும், சிறுவர் பாதுகாப்புக்கான 1929ஐயும் பிள்ளைகளே பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார்கள். வீட்டிலும் எழுதி வையுங்கள். கதை சொல்லத் தெரிந்த தாத்தாமார் இன்னும் இரண்டு பேர் வந்தால் நல்லது, பிள்ளைகள் கேட்கிறார்கள்.

நன்றியுடன்,
கூடத்தின் பொறுப்பாசிரியை,
மூதூர் கிழக்கு, திருகோணமலை.