வைத்தால் குடுமி, அடித்தால் மொட்டை

பெறுநர்: 1936 ஜனவரி முதல் ஜூன் வரை பாரீசில் ஆட்சி செய்த அமைச்சரவையினர் (பிரதமர் சாரோ, வெளியுறவு அமைச்சர் ஃபிளாந்தன், போர் அமைச்சர் ஜெனரல் மொரேன்)

முசியே சாரோ, முசியே ஃபிளாந்தன், ஜெனரல் மொரேன் மற்றும் சகாக்களுக்கு,

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் பதவியில் இருந்த அந்த நாலு மாதச் சொச்சமும் எங்கள் ஊர் உங்கள் ஆட்சியில்தான் இருந்தது. உங்கள் பாராளுமன்றத்தில் எங்களுக்கும் ஓர் உறுப்பினர் இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவரை இங்கே இன்றும் 'சொல்தா' என்றுதான் சொல்கிறோம். முதல் உலகப் போரில் செத்த எங்கள் ஆட்களுக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. ஆகவே உங்களிடம் கணக்குக் கேட்க எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹிட்லரைத் தடுக்கத் தவறிய கதை என்றாலே எல்லாரும் 1938-க்கும், செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த மியூனிக் ஒப்பந்தத்துக்கும், அதில் கையெழுத்திட்ட பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லினின் குடைக்கும்தான் போகிறார்கள். குடையைத் திட்டுவது சுலபம். எனக்கு அது தாமதமாகத் தொடங்கும் கதையாகத் தெரிகிறது. நான் கேட்க வந்தது 1936 மார்ச் 7, சனிக்கிழமையைப் பற்றி.

அன்று காலை ஜெர்மன் படை, தன் நாட்டின் மேற்கு எல்லைப் பகுதியான ரைன்லாந்துக்குள் நுழைந்தது. ரைன் நதியின் மேற்குக் கரை முழுவதிலும், கிழக்குக் கரையில் 50 கிலோமீட்டர் அகலத்துக்கும் ஜெர்மனி படை வைக்கக் கூடாது என்பது முதல் உலகப் போர் முடிந்ததும் போட்ட வெர்சாய் ஒப்பந்தம். சரி, அது தோற்றவன் கழுத்தைப் பிடித்து வாங்கிய கையெழுத்து என்றே இருக்கட்டும். 1925-இல் லொகார்னோவில் அதே நிபந்தனைக்கு ஜெர்மனி தானே முன்வந்து கையெழுத்துப் போட்டதே? அதுவும் அன்று காலையோடு போயிற்று. பாலம் தாண்டி வந்த சிப்பாய்களைக் கொலோன் மக்கள் பூப்போட்டு வரவேற்றார்கள். உள்ளே வந்தவை மொத்தம் 19 பட்டாலியன்கள் (சில நூறு பேர் கொண்ட படைப்பிரிவுகள்). அவற்றில் ஆகென், ட்ரியர், சார்ப்ரூக்கென் என உங்கள் எல்லைப் பக்கமாக அனுப்பப்பட்டவை வெறும் மூன்று.

நீங்கள் எதிர்பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பெர்லினில் இருந்த உங்கள் தூதர் பிரான்சுவா-பொன்சே முன்பே எச்சரித்திருந்தார். எதிர்பார்த்த விருந்தாளிதான். ஆனாலும் அவன் வாசலுக்கு வந்த பிறகுதான் வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்கள்.

அமைச்சரவை கூடியது. ஜார்ஜ் மாந்தெல் போன்ற சில அமைச்சர்கள், உடனே இறங்குவோம் என்றார்கள். அப்போது ராணுவம் சொன்ன பதிலைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. தலைமைத் தளபதி கமெலனிடம் சட்டென்று ரைன்லாந்துக்குள் அனுப்ப ஒரு சின்னப் படை கிடையாது. எதைச் செய்வதானாலும் வயலிலும் ஆலையிலும் இருக்கும் பழைய சிப்பாய்களை லட்சக்கணக்கில் அழைத்து முழுப் படையையும் திரட்ட வேண்டும். தேர்தலுக்கு ஏழு வாரம் இருக்கிறது, பிராங்கு தள்ளாடுகிறது, உங்களுடையதோ தேர்தல் வரைக்கும் ஒப்பேற்ற வந்த அமைச்சரவை. மூன்று பட்டாலியனை விரட்ட நாட்டையே எழுப்ப எந்த மந்திரி கையெழுத்துப் போடுவார்? வைத்தால் குடுமி, அடித்தால் மொட்டை. நடுவில் ஒன்றுமே இல்லை.

போதாக்குறைக்கு, எதிரே நிற்பவர்கள் கிட்டத்தட்ட 3 லட்சம் பேர் என்று கணக்கு வந்தது. கட்சிப் படையினரையும் மண்வெட்டி பிடித்த உழைப்புப் படையினரையும்கூடச் சேர்த்து எண்ணினால் அப்படித்தான் வரும். இறங்க மனமில்லாதவன் ஆழம் பார்த்த கதை.

ஜெனரல் மொரேன், இந்த இடத்தில் உங்களைத் தனியாகக் கேட்கிறேன். சட்டென்று பாயக்கூடிய, ஒரு லட்சம் பேர் கொண்ட, டாங்கிகளோடு நகரும் நிரந்தரப் படை வேண்டும் என்று உங்கள் ராணுவ அதிகாரி டி கோல் 1934-லேயே எழுதிவிட்டார். மறு ஆண்டு மார்ச்சில் உறுப்பினர் போல் ரெய்னோ அதைப் பாராளுமன்றத்தில் எடுத்துப் பேசினார். அன்றைக்கும் போர் அமைச்சர் நீங்கள்தான். ஜெர்மன் எல்லையில் இத்தனை கோடி கொட்டி மாஜினோ அரண் கட்டிவிட்டு, அதற்கு வெளியே போய் ஏதோ சாகசம் செய்ய நமக்கென்ன பைத்தியமா என்ற பொருளில் பதில் சொன்னீர்கள். சரியாக ஓர் ஆண்டு கழித்து அதே நாற்காலியில் உட்கார்ந்து, அனுப்பப் படை இல்லை என்று கையை விரித்தீர்கள். மாஜினோ அரணுக்குக் கால் கிடையாது என்பது கட்டும்போதே தெரியாதா?

அன்று பிரான்சு வந்திருந்தால் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியிருப்போம் என்று ஹிட்லர் பின்னாளில் சொன்னதாக அவருடைய மொழிபெயர்ப்பாளர் எழுதியிருக்கிறார். எல்லாரும் மேற்கோள் காட்டும் வரி. நான் அதை அவ்வளவாக நம்புவதில்லை. தன் துணிச்சலைப் பெரிதாக்கிக் காட்ட அவருக்கு அது வசதியான கதை. நீங்கள் இறங்கியிருந்தால் சின்னதாக ஒரு சண்டை நடந்திருக்கலாம். ஆனால் அவருடைய போர் அமைச்சர் புளோம்பெர்க் பதறிப்போய் அந்த மூன்று பட்டாலியன்களையாவது திரும்ப அழைத்துவிடலாம் என்று கெஞ்சியது உண்மை. போருக்குப் பின் நடந்த நியூரம்பெர்க் விசாரணையில் ஜெர்மன் ஜெனரல் யோடலும், பிரெஞ்சு எல்லைப்படையே எங்களைச் சிதறடித்திருக்கும் என்றார்.

இங்கிலாந்தைக் கை காட்டுவீர்கள், தெரியும். உங்களைக் கேட்காமலேயே 1935 ஜூனில் தங்கள் கடற்படையில் 35 சதவீதம் அளவுக்கு ஜெர்மனி கட்டிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் போட்டவர்கள்தானே. அப்புறம், 1927-இல் ஜெர்மனியில் இருந்த ஆயுதக் கண்காணிப்புக் குழுவைத் திரும்பப் பெற்றதும், 1930-இல் குறித்த நாளுக்கு ஐந்து ஆண்டு முன்பே ரைன்லாந்தில் நின்ற உங்கள் படையை விலக்கிக்கொண்டதும் உங்களுக்கு முன்னிருந்தவர்கள் கணக்கு. அந்தப் பழியெல்லாம் உங்கள் தலையில் போடவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். அக்டோபரில் பெல்ஜியம் நடுநிலை என்று விலகியது. மாஜினோ அரண் பெல்ஜிய எல்லையோரம் முழுமையாக நீளவில்லை, அங்கே உங்களுக்குத் துணை பெல்ஜியப் படைதான். ரைன்லாந்தில் ஜெர்மனி தன் அரணைக் கட்டத் தொடங்கியது. செக்கோஸ்லோவாக்கியாவும் போலந்தும் உங்களை நம்பி உட்கார்ந்திருந்தன. அவர்களுக்கு உதவ நீங்கள் போக வேண்டிய ஒரே வாசல் அது.

முசியே சாரோ, மார்ச் 8 இரவு வானொலியில் பேசினீர்கள். எல்லையோர நகரமான ஸ்ட்ராஸ்பர்கை ஜெர்மன் பீரங்கிகளின் வீச்சுக்குள் விடத் தயாரில்லை என்றீர்கள். 1939 செப்டம்பரில் உங்களுக்குப் பின் வந்த அரசு அந்த ஊர் மக்களை ரயிலேற்றித் தென்மேற்கே அனுப்பியது. 1940 ஜூன் 19 அன்று ஜெர்மானியர் நுழைந்தபோது பீரங்கிக்கு அங்கே வேலையே இருக்கவில்லை. தெருக்கள் ஒன்பது மாதமாகக் காலியாகக் கிடந்தன.

இப்படிக்கு,
புதுச்சேரிவாசி ஒருவன்