சேனல் 5-க்கு ஒரு திறந்த மடல்: எங்கள் லிஃப்டில் கேட்கும் பேச்சு உங்கள் நாடகத்திலும் கேட்கட்டும்

சிங்கப்பூரின் ஆங்கில ஒளிவழியான சேனல் 5-இல் நாடகங்களைத் தயாரிக்கும் மீடியாகார்ப் நிறுவனத்தாருக்கும், அவற்றுக்கு அரசாங்கப் பணத்தை ஒதுக்கும் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தாருக்கும்,

வணக்கம்.

ஆங்கில நாடகங்களைப் பற்றிய மடலைத் தமிழில் எழுதுகிறேன். ஏனென்றால் அந்த நாடகங்களை எங்கள் வீட்டில் பார்த்ததே தமிழில்தான். டிவியில் ஆங்கிலம் ஓடும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டி "என்னடி சொல்றான், எல்லாரும் சிரிக்கிறாங்க" என்று கேட்பார், நான் பாதியை மொழிபெயர்த்துச் சொல்லி மீதியை நடித்துக் காட்டுவேன். அப்புறம் இன்னொரு காரணம், இதை முதலில் படிக்க வேண்டியவர்கள் இங்கே இருக்கும் தமிழர்கள் என்று நினைக்கிறேன். தமிழ் ஒளிவழியான வசந்தம் நம்முடையது, சேனல் 5 வேறு யாருடையதோ என்று நம்மில் பலர் ஒதுங்கிவிட்டோம். எனக்கு அதில் சம்மதம் இல்லை.

'அண்டர் ஒன் ரூஃப்' என்ற நகைச்சுவை நாடகம் 1995-இல் தொடங்கியபோது நான் தொடக்கநிலை மூன்றில் படித்தேன். ஆங் மோ கியோவில் மூவறை வீடு, நீளமான காரிடார். நாடகம் ஓடிக்கொண்டிருந்த ஓர் இரவு, ரசத்துக்குக் கறிவேப்பிலை இல்லை என்று அம்மா என்னைக் கடைசி வீட்டு மாக்சிக்கிடம் (மலாய்க்கார அத்தையை அப்படித்தான் கூப்பிடுவோம்) அனுப்பினார். மாக்சிக் வாசலில் தொட்டி வைத்துக் கறிவேப்பிலை வளர்த்தார். அவர் வீடு வரைக்கும் ஏழு கதவு. ஏழு கம்பிக் கதவுக்குப் பின்னாலும் அதே நாடகம். ஒரு வாசலில் விட்ட வசனத்தை அடுத்த வாசலில் பிடித்துக்கொண்டு, ஒன்றையும் தவறவிடாமல் போய்ச் சேர்ந்தேன். மாக்சிக் கையில் கத்தரிக்கோலோடு டிவியைப் பார்த்தபடியே நின்றார், நானும் நின்றேன், விளம்பரம் வந்த பிறகுதான் இரண்டு பேருக்கும் ரசம் ஞாபகம் வந்தது. தமிழ் நிகழ்ச்சி போட்டால் அந்த வரிசையில் எங்கள் வீட்டில் மட்டும்தான் சத்தம் கேட்கும். சீன நாடகம் என்றால் ஐந்து வீட்டில் கேட்கும். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது இந்த நாடகத்துக்குத்தான்.

நாடகத்தில் வருவது பீஷானில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, சூப்பர்மார்க்கெட் நடத்தும் டான் ஆ டெக், அவர் மனைவி டோலி, பிள்ளைகள், பக்கத்து வீட்டு யூசோஃப், ரோஸ்னா, டெய்சி. ஆ டெக்காக நடித்த மோசஸ் லிம் பேச ஆரம்பித்தால் சீனாவின் தென்பகுதியில் நடந்த ஏதோ ஒரு கதை வரப்போகிறது என்று பாட்டிக்கே தெரிந்துவிடும். ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாத என் பாட்டி!

இந்த நாட்டில் தொலைக்காட்சி 1963-இல் வந்தது. முதல் ஆங்கில நாடகத் தொடரான 'மாஸ்டர்ஸ் ஆஃப் தி சீ' 1994-இல்தான் வந்தது, அதாவது 31 ஆண்டுகள் கழித்து. அதுவரை ஆங்கில ஒளிவழியில் நாடகம் என்றால் அமெரிக்காவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் வாங்கிப் போடுவதுதான். சொந்தமாக எடுப்பதைவிட அது மலிவு, புரிகிறது. சின்ன நாடு, பார்க்கிற கூட்டத்தையும் நான்கு மொழிக்குப் பங்கு போட வேண்டும். அந்த முதல் தொடரில் கப்பல் முதலாளிக் குடும்பம் பேசிய விறைப்பான ஆங்கிலத்தை மக்கள் கேலி செய்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் நீங்கள் நிறுத்தவில்லை. 'டிரிபிள் நைன்', 'அண்டர் ஒன் ரூஃப்', 'குரோயிங் அப்', 'புவா சூ காங்' என்று மூன்றே ஆண்டில் வரிசையாக வந்தன. அந்தத் துணிச்சலுக்காக உங்களுக்கு முன்பு இருந்தவர்களுக்கு நான் இன்றும் நன்றி சொல்வேன்.

புவா சூ காங் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். மஞ்சள் பூட்ஸ், சுருட்டை முடி, கன்னத்தில் மச்சம், சுண்டு விரலில் நீள நகம். பஞ்சாபி அப்பாவுக்கும் சீன, ஜப்பானிய வம்சாவளி அம்மாவுக்கும் பிறந்த குர்மித் சிங், சீன காண்ட்ராக்டராக நடித்தார். 1997-இல் தொடங்கிப் பத்து ஆண்டு ஓடியது. 1999 தேசிய தினக் கூட்ட உரையில் அப்போதைய பிரதமர் கோ சோக் டோங் இந்தப் பாத்திரத்தின் சிங்லிஷை, அதாவது உள்ளூர் மொழிகள் கலந்த பேச்சு ஆங்கிலத்தை, பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, பிள்ளைகள் இதைப் பார்த்துக் கெட்டுப்போகக் கூடாது, அவரை ஆங்கில வகுப்புக்கு அனுப்பலாமே என்றார். நாடகத்திலும் அவரை வகுப்புக்கு அனுப்பினார்கள். மறு ஆண்டே நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கம் தொடங்கியது.

அப்புறம் என்ன நடந்தது? 2003-இல் சார்ஸ் தொற்று வந்தது. மக்கள் பயந்துபோய்க் கிடந்தார்கள். கை கழுவுங்கள், எச்சில் துப்பாதீர்கள் என்று சொல்ல இதே புவா சூ காங் ராப் பாட்டோடு வந்தார். 2021-இல் கோவிட் தடுப்பூசி போடச் சொல்லவும் அவரையேதான் கூப்பிட்டார்கள், அதே பூட்ஸ், அதே பேச்சு. நான் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. உயிர் போகிற விஷயத்தை எல்லா வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய நேரத்தில் எந்தக் குரலை நம்பினோம் என்று பாருங்கள். அந்தக் குரலைச் செய்தது ஓர் ஆங்கில நாடகம். அது எல்லோருக்கும் சொந்தக்காரர் குரலாக ஆனதற்குக் காரணம் அது பேசிய விதம்.

அதனால்தான் மொழி விஷயத்தில் கொஞ்சம் கையைத் தளர்த்துங்கள் என்று கேட்கிறேன். ஒளிபரப்பு நெறிமுறையில் சிங்லிஷை இலக்கணம் இல்லாத ஆங்கிலம் என்று குறித்து, அதை ஊக்குவிக்கக் கூடாது என்று நெடுங்காலமாக எழுதி வைத்திருந்தார்கள். நானும் ஒரு தாய், என் மகன் நல்ல ஆங்கிலத்தில் கட்டுரை எழுத வேண்டும் என்பதில் எனக்கு யாருக்கும் குறையாத அக்கறை உண்டு. ஆனால் கட்டுரைக்கு ஒரு பேச்சு, காப்பிக் கடைக்கு ஒரு பேச்சு என்று அவனுக்கு ஏழு வயதிலேயே தெரிந்துவிட்டது. தமிழில் நாம் இதைத்தானே காலம் காலமாகச் செய்கிறோம், எழுத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று.

சில வாரங்களுக்கு முன்பு செங்காங்கில் எங்கள் புளோக் லிஃப்டில் நடந்ததைச் சொல்கிறேன். அம்மா, நான், மகன் மூவரும் ஏறினோம். பதினொன்றாம் மாடி சீன ஆன்ட்டி ஏற்கெனவே உள்ளே இருந்தார். அம்மாவைப் பார்த்து மலாயில் "சுடா மாக்கான்?" (சாப்பிட்டாச்சா?) என்றார், அம்மா "சுடா, சுடா" என்றார். என் பக்கம் திரும்பி "யுவர் மதர் லுக் சோ தின் ஆல்ரெடி லா" என்றார். மகனுக்குப் பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்துக் கொடுத்தார். அவன் சீனத்தில் நன்றி சொல்லி "சியே சியே ஆன்ட்டி" என்றான். அம்மா அவனிடம் "ரெண்டு கையால வாங்குடா" என்றார். அதற்குள் எங்கள் மாடி வந்துவிட்டது. எட்டு மாடி ஏறுவதற்குள் நான்கு மொழி. யாரும் எதையும் யோசித்துப் பேசவில்லை. இதே நான்கு பேரை இப்போதைய நாடகம் ஒன்றில் லிஃப்டுக்குள் நிறுத்தினால் நால்வரும் பள்ளி வாய்மொழித் தேர்வில் பதில் சொல்வது போல முழு முழு ஆங்கில வாக்கியமாகப் பேசுவார்கள். 'குரோயிங் அப்' நாடகத்தில் 1960-களின் டே குடும்பம் ஆங்கிலம் பேசியதை நாங்கள் ஏற்றுக்கொண்டோம், அந்தக் காலத்து அப்படிப்பட்ட வீட்டில் பெரும்பாலும் ஹொக்கியன், தியோச்சியூ போன்ற சீனக் கிளைமொழிதான் கேட்டிருக்கும் என்று தெரிந்தும் ஏற்றுக்கொண்டோம். இன்றைய செங்காங் கதைக்கு அந்தச் சமரசம் எதற்கு? ஆங்கிலம் நடுவில் இருக்கட்டும், மற்ற மூன்றும் அதன் போக்கில் வந்து போகட்டும், கீழே வசன வரிகள் ஓடட்டும். பார்க்கிறவர்கள் புரிந்துகொள்வார்கள், தினமும் லிஃப்டில் புரிந்துகொள்கிறவர்கள்தானே.

இனி எனக்கு ரொம்ப வலிக்கிற விஷயம். என் அக்கா மகளுக்கு நடிப்பில் ஆசை, முறையாகப் படித்தவள். ஒரு விளம்பரத்துக்கான ஆடிஷனுக்குப் போனாள். அது எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். அவள் தன் இயல்பான குரலில் வசனத்தைச் சொன்னதும், "கொஞ்சம் இந்தியன் மாதிரிப் பேசு, தலையை ஆட்டு" என்றார்களாம். அவள் தோ பாயோவில் பிறந்து வளர்ந்த பெண். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று, "சித்தி, நான் எப்படிப் பேசினா இந்தியன் மாதிரி இருக்கும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. 2019-இல் மின்னணு வழியில் பணம் செலுத்தும் சேவைக்கான விளம்பரம் ஒன்றில் ஒரே சீன நடிகருக்கு நான்கு வேடம் போட்டு, இந்தியர் வேடத்துக்கு முகத்தைக் கறுப்பாக்கியபோது எழுந்த கோபம் உங்களுக்கு நினைவிருக்கும். மன்னிப்புக் கேட்டார்கள், சரி. ஆனால் அப்படி ஒரு யோசனை அத்தனை பேர் இருந்த அறையைத் தாண்டி வெளியே வந்தது என்றால், அந்த அறையில் வேண்டாம் என்று சொல்ல நம்மவர் யாரும் இல்லை, அல்லது இருந்தவருக்குச் சொல்லும் தைரியம் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நீங்கள் முயலவில்லை என்று சொல்ல மாட்டேன். 2015-இல் தொடங்கிய 'டாங்லின்' தொடரில் டோங், ரஹ்மான், லிம் குடும்பங்களுக்குச் சமமாக பாஸ்கர் குடும்பமும் இருந்தது, பக்கத்து வீட்டுக்காரராக வந்து சிரிக்கவைத்துவிட்டுப் போகாமல், தங்களுக்கென்று கதை உள்ள மனிதர்களாக. வாரநாள் தோறும் மூன்று ஆண்டுக்கு மேல் ஓடியது. பிறகு 'கின்', அதன் பிறகு 'சன்னி சைட் அப்'. தினமும் ஒரு நாடகம் எடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது தெரிந்தே சொல்கிறேன், அந்த வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். எழுத்தாளர்களும் நடிகர்களும் அந்தத் தினசரி வேலையில்தான் தேர்ச்சி பெறுகிறார்கள். இரண்டு ஆண்டு நிறுத்தினால் அவர்கள் வேறு பிழைப்புக்குப் போய்விடுவார்கள், திரும்பக் கூப்பிட்டால் வர மாட்டார்கள்.

2020 குடிமதிப்பில் வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவதாகச் சொன்னவர்கள் 48.3 விழுக்காடு. தமிழ் 2.5 விழுக்காடு. தமிழுக்காக நான் கவலைப்படுகிறேன், அது வேறு கடிதம். ஆனால் அந்த ஆங்கிலம் பேசும் 48.3 விழுக்காட்டுக்குள் எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் வசந்தம் பக்கம் வருவதே இல்லை. தங்களைப் போன்ற ஒரு முகத்தை அவர்கள் திரையில் பார்க்க வேண்டுமானால் அது ஆங்கில நாடகத்தில்தான் நடக்கும். அந்த முகம் சிரிப்புக்கு மட்டும் வந்துபோனால் பிள்ளைகள் அதைத்தான் மனதில் வைத்துக்கொள்வார்கள்.

கதை இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என் தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். பிரிட்டிஷார் கட்டிய அந்தத் தளத்தில் தமிழர்களும் மலையாளிகளும் நிறைய, கூடவே சீனர்கள், மலாய்க்காரர்கள், குடும்பம் குடும்பமாகக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். அங்கே வேலை பார்த்த ஒருவர் மரத்தடியில் வைத்துக் கும்பிட்ட முருகன்தான் இன்றைக்கு ஈசூனில் இருக்கும் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம், பங்குனி உத்திரத்துக்கு நாங்கள் இன்றும் போகிறோம். 1971-இல் பிரிட்டிஷ் படை கிளம்பியபோது வேலை என்ன ஆகும், வீடு என்ன ஆகும், ஊருக்குத் திரும்புவதா, இங்கேயே குடியுரிமை வாங்கி இருப்பதா என்று ஒவ்வொரு வீட்டிலும் ராத்திரி ராத்திரியாகப் பேச்சு. அம்மா அப்போது சின்னப் பெண். தாத்தா எண்ணெய்க் கறையோடு வந்து குழாயடியில் வெகுநேரம் கையைத் தேய்த்துக்கொண்டே நிற்பாராம், உள்ளே வந்தால் பாட்டி கேட்கப்போகும் கேள்விக்குப் பதில் இல்லாததால். 'குரோயிங் அப்' ஒரு சீனக் குடும்பத்தை வைத்து அந்தக் காலத்தை எங்களுக்குக் காட்டியது. அதே அன்போடு இந்தக் குவார்ட்டர்ஸ் கதையையும் எடுங்கள். அங்கே பிறந்து வளர்ந்தவர்களில் பலர் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள். ஈசூன் கோயிலில் பூசை முடிந்து அன்னதானத்துக்கு உட்காரும்போது போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், அவர்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள், மலாயும் தமிழும் மலையாளமும் டாக்யார்டு ஆங்கிலமும் கலந்து.

எழுத உட்காரும்போது அந்த அறையில் எங்கள் பிள்ளைகள் ஒன்றிரண்டு பேரையும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய தொடர்களை உங்கள் இணையத் தளமான மீவாட்ச்சில் முழுதாகப் போடும்போது தமிழ் வசன வரிகளும் சேருங்கள். பாட்டி இப்போது இல்லை. அம்மாவுக்கு அறுபத்தெட்டு, காது சரியாகக் கேட்பதில்லை, எழுத்துத் தெரிந்தால் பார்ப்பேன் என்கிறார்.

அன்புடன்,
செங்காங்கிலிருந்து உங்கள் பழைய ரசிகை