சேறு எடுக்க உதவிய துறைமுகத்துச் சொந்தங்களுக்கு

கடலூர் முதுநகர்

எல்லோருக்கும் வணக்கம். உப்பனாற்று முகத்துவாரச் சேற்றில் இலைதழை, செத்த பாசி, மீன் கழிவெல்லாம் எப்படி மக்குகின்றன என்ற என் முதுகலை ஆய்வேடு போன வாரம் முடிந்தது. ஏட்டின் முதல் பக்கத்தில் உங்களுக்கு ஒரே வரிதான் ஒதுக்க முடிந்தது. அது மனசுக்கு ஒப்பவில்லை.

படகுக்கார அண்ணே, தண்ணீர் வற்றும் நேரம் நீங்கள் சொன்னதுதான் எனக்குக் கடிகாரம். பிவிசி குழாயை இறக்கி இழுக்கும்போதெல்லாம் சேறு நழுவிக் கொட்டியது. "மேல்வாயை உள்ளங்கையால அடைச்சுக்கிட்டு இழும்மா" என்றீர்கள். அப்படியே முழுசாக வந்தது. மேலே மெல்லிய பழுப்பு, கீழே அடிவரை மைக்கறுப்பு.

அந்தக் கறுப்பைத்தான் இரண்டு வருஷம் படித்தேன். இந்த மாதிரிச் சேற்றில் ஆக்சிஜன் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். அதற்குள் நுண்ணுயிர்கள் தீர்த்துவிடும். அப்புறம் ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு ஆகியவற்றைக் கொண்டு மக்கவைக்கும். அவையும் தீர்ந்தால் சல்பேட். கடல்நீரில் அது லிட்டருக்குச் சுமார் 2.7 கிராம் இருப்பதால் சீக்கிரம் தீராது. சல்பேட்டைக் கொண்டு மக்கவைக்கும் பாக்டீரியா வெளிவிடும் ஹைட்ரஜன் சல்பைடுதான் அந்த அழுகிய முட்டை நாற்றம். அது இரும்போடு சேர்ந்தால் கறுப்பு. டென்மார்க்கில் லிம்ஃப்யோர்டு என்ற கழியின் அடிச்சேற்றில் மக்குவதில் ஏறத்தாழப் பாதி இந்த வழியில்தான் நடக்கிறது என்று யோர்கென்சன் என்பவர் கணக்கிட்டிருக்கிறார்.

மீன் விற்கும் அக்கா, உங்களுக்குத்தான் பெரிய கடன். "நண்டு வளை இருக்கற பக்கம் இவ்ளோ நாறாது, பாத்தியா?" என்று கூடையை இறக்கியபடியே சொன்னீர்கள். மறுநாள் வளையை ஒட்டி ஒரு குழாய் இறக்கினேன். வளையின் சுவரைச் சுற்றி, கறுப்புக்கு நடுவே, பழுப்பு ஒரு கோடாகக் கீழே இறங்கியிருந்தது. நண்டு தோண்டிய வழியே தண்ணீரும் ஆக்சிஜனும் உள்ளே போகின்றன. என் மூன்றாம் அத்தியாயம் முழுக்க அந்தக் கோடுதான். அதை முதலில் கவனித்தது நீங்கள் என்று அங்கேயே எழுதியிருக்கிறேன்.

மாதிரிகள் வைத்திருந்த இடத்தில் ஓர் இரவு மின்சாரம் போய்விட்டது. சூடேறினால் பாக்டீரியா வேகமாகச் சல்பேட்டைத் தின்னும், அளவெல்லாம் பொய்யாகிவிடும். பதினோரு மணிக்கு எழுப்பியும் முகம் சுளிக்காமல் இரண்டு கூடை ஐஸ் உடைத்துக் கொடுத்து, காசும் வாங்காத ஐஸ்கடைத் தம்பிக்கு நன்றி.

ஆய்வகத்து ஐயாவுக்கும். சல்பேட் இருந்தால் வெள்ளையாகக் கலங்கவைக்கும் பேரியம் குளோரைடை மேல்சேற்று நீரில் விட்டதும் பால்போல வெளுத்ததையும், அடிச்சேற்று நீரில் லேசாகக் கலங்கி நின்றதையும் பக்கத்தில் நின்று காட்டினீர்கள். அடியில் சல்பேட் குறைந்துபோனதைக் கண்ணாலேயே பார்த்தேன்.

அண்ணே, ஐஸ் பெட்டியைக் கழுவிக் காயவைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை படகுத்துறைக்குக் கொண்டுவருகிறேன். மூன்றாம் அத்தியாயத்தைத் தமிழில் எழுதி அதற்குள் வைத்திருக்கிறேன். அக்காவுக்கும் ஒரு பிரதி இருக்கிறது.

அன்புடன்,
சேறெடுக்க வந்த பெண்