கச்சத்தீவுக் கோப்புக்குத் திறந்த கதவு 1962-க்கு ஏன் திறக்கவில்லை?

வெளியுறவு, பாதுகாப்பு அமைச்சகங்களில் தகவல் உரிமைச் சட்ட (ஆர்டிஐ) மனுக்களுக்குப் பதில் எழுதும் பொதுத் தகவல் அலுவலர்களுக்கும், எதைக் கொடுக்கலாம் எதைக் கொடுக்கக் கூடாது என்று அவர்களுக்கு மேலே இருந்து முடிவு செய்பவர்களுக்கும்,

வணக்கம்.

2024 மார்ச் 31, ஞாயிற்றுக்கிழமை. தமிழ்நாட்டில் வாக்குப்பதிவுக்கு மூன்று வாரம்கூட இல்லை. கச்சத்தீவு பற்றிய பழைய அரசு ஆவணங்கள் அன்று பத்திரிகையில் வந்தன. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கியவர் அப்போதைய தமிழ்நாடு பாஜக தலைவர் அண்ணாமலை. அன்றே பிரதமர் அதைப் பகிர்ந்தார், மறுநாள் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் செய்தியாளர்களைக் கூட்டி விளக்கமே கொடுத்தார். 1974 ஜூனில் வெளியுறவுச் செயலர் கேவல் சிங் சென்னை வந்து முதல்வர் கருணாநிதியிடம் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசிய சந்திப்பின் குறிப்பும் வெளியே வந்தது.

வந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. ஐம்பது வருஷத்துப் பழைய கோப்பு, மக்கள் படிக்கட்டும். 2015-ல் இதே வெளியுறவு அமைச்சகம் ஒரு ஆர்டிஐ மனுவுக்குக் கொடுத்த பதிலில், எல்லையே வரையறுக்கப்படாத பகுதி அது, அதனால் இந்திய நிலத்தை விட்டுக்கொடுத்ததாகவோ வாங்கியதாகவோ சொல்ல முடியாது என்று இருந்தது. 2024-ல் கேட்ட பேச்சு வேறு, தீவை விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து யார் என்ன சொன்னார்கள் என்று நாமே முடிவு செய்துகொள்ளலாம், கோப்பு கையில் இருந்தால்.

என் கேள்வி சட்டம் பற்றியது. பிரிவு 8(1)(ஏ) என்று ஒன்று இருக்கிறது, உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டுடனான உறவு பாதிக்கப்படும் என்றால் தகவலை மறுக்கலாம். கச்சத்தீவு இலங்கையோடு போட்ட ஒப்பந்தம், மீனவர் கைது இன்றைக்கும் ஓயாத பிரச்சினை. வெளிநாட்டு உறவு என்ற காரணம் பொருந்தக்கூடிய கோப்பு ஒன்று உண்டென்றால் அதுதான். அங்கே அந்தப் பிரிவு குறுக்கே நிற்கவில்லை. சரி, நல்லது.

இப்போது 1962-க்கு வாருங்கள். சீனப் போரில் ஏன் தோற்றோம் என்று ராணுவமே விசாரித்து 1963-ல் எழுதிய ஹெண்டர்சன் புரூக்ஸ் - பகத் அறிக்கையை மூத்த பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் ஆர்டிஐயில் கேட்டார். 2010-ல் மத்திய தகவல் ஆணையம் இதே 8(1)(ஏ)-வைக் காட்டி முடியாது என்றது. எல்லைப் பேச்சு நடக்கிறதாம், அறிக்கை இன்றைக்கும் ராணுவ ரீதியில் முக்கியமாம். 2014 மார்ச்சில் அதன் ஒரு பகுதியைப் பத்திரிகையாளர் நெவில் மாக்ஸ்வெல் இணையத்தில் போட்டுவிட்டார், உலகமே படித்தது. அப்போது எதிர்க்கட்சியில் இருந்த அருண் ஜேட்லி, இத்தனை காலம் கழித்தும் இதை மறைத்து வைப்பது சரியா என்று எழுதினார். ஜூலையில் அவரே பாதுகாப்பு அமைச்சராக மாநிலங்களவையில் நின்று, வெளியிடுவது தேசநலனுக்கு நல்லதல்ல என்றார். நான்கு மாதத்தில் தேசநலன் இவ்வளவு மாறுமா?

ஆளைப் பார்த்துப் பரிமாறும் பந்தி மாதிரி இருக்கிறது இது. கேட்பவர் யார் என்று பார்க்கக் கூடாது, ஏன் கேட்கிறாய் என்றும் விசாரிக்கக் கூடாது என்பதுதானே இந்தச் சட்டத்தின் உயிரே.

சட்டம் எழுதியவர்கள் இதை யோசிக்காமல் இல்லை. 20 வருஷம் தாண்டிய விஷயம் என்றால் பிரிவு 8(3) பெரும்பாலான விலக்குகளைத் தள்ளிவிடுகிறது, மிஞ்சுவது ஏ (மேலே சொன்ன பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு), சி (நாடாளுமன்ற, சட்டமன்ற உரிமை), ஐ (அமைச்சரவைக் கோப்புகள்) என்ற மூன்றுதான். அந்த மூன்றையும்கூடப் பொதுநலன் பெரிதென்றால் 8(2)-இன்படி மீறிக் கொடுக்கலாம். மறைக்க வேண்டிய வரிகளை மட்டும் மறைத்துவிட்டு மீதியைக் கொடுக்கப் பிரிவு 10 இருக்கிறது. மறுத்தது நியாயம் என்று நிரூபிக்கும் பொறுப்பு மேல்முறையீட்டில் உங்களுடையது, மனு போட்டவருடையது அல்ல, 19(5) பாருங்கள். இதையெல்லாம் வைத்துக்கொண்டு "8(1)(ஏ)-வின் கீழ் மறுக்கப்படுகிறது" என்று ஒரே வரியில் கை விரித்தால் எப்படி?

ஆர்டிஐ போடவே தேவையில்லாமல் ஆவணக் காப்பகத்தில் போய்ப் படிக்க முடிந்திருக்க வேண்டிய கோப்புகள் இவை. 25 வருஷம் ஆன நிரந்தரக் கோப்புகளைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. ஆனால் ரகசிய முத்திரை இருக்கும்வரை அனுப்ப முடியாது, முத்திரையை எடுக்க வேண்டியதும் நீங்களேதான். விளைவு என்ன? 2022 டிசம்பரில் காப்பகத்தின் தலைமை இயக்குநரே சொன்னார்: 151 அமைச்சகங்கள், துறைகளில் 36-இன் ஆவணங்கள்தான் தங்களிடம் இருக்கின்றன, 1962, 1965, 1971 போர்களின் ஆவணங்கள் இல்லை. போரை விடுங்கள், பசுமைப் புரட்சியின் ஆவணமும் இல்லையாம். அதில் என்ன ராணுவ ரகசியம்?

நாம் மூடி வைத்தால் விஷயம் வெளியே வராது என்றும் இல்லை. அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்த நடவடிக்கைக்கு முன் 1984 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ராணுவ ஆலோசகர் ஒருவர் இந்தியா வந்து யோசனை சொன்னார் என்பது 2014-ல் தெரிந்தது. டெல்லியிலிருந்து இல்லை, 30 வருஷம் முடிந்து லண்டன் திறந்த கோப்புகளிலிருந்து.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. பழைய கோப்பை மறுக்கும்போது, எந்த நாட்டு உறவு, இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எப்படிப் பாதிக்கப்படும் என்று நாலு வரி எழுதுங்கள். மறுபடி எப்போது பரிசீலிப்பீர்கள் என்று தேதி போடுங்கள். 25 வருஷத்தில் சாதாரணமாக ரகசியம் நீக்க வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சகமே 2021-ல் ஒரு கொள்கை கொண்டுவந்ததே, அதன்படி இதுவரை எந்தெந்தக் கோப்புகளின் முத்திரை எடுக்கப்பட்டது என்ற பட்டியலை நாங்கள் கேட்காமலே வெளியிடுங்கள். 1963 அறிக்கையிலும் இன்றைக்கும் ஆபத்தான பக்கம் இருக்கிறது என்றால் அந்தப் பக்கத்தைக் கறுப்படித்துவிட்டு மிச்சத்தைக் கொடுங்கள். பாதியை ஏற்கெனவே படித்தாகிவிட்டது.

இப்படிக்கு,
பத்து ரூபாய் கட்டி மனு போடும் ஒரு குடிமகன்